வாடின பூவை எத்தனை தடவைதான் காட்டுவீர்கள்?

இனி எந்தக் குறும்படத்திலாவது சிவப்புக் குடை வந்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன். சத்தியமாக. கோலாலம்பூரில் தமிழில் காதல் குறும்படம் எடுக்கிற தம்பிகளுக்கெல்லாம் யாரோ ஒரே பெட்டியில் சாமான் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் போல. சிவப்புக் குடை, நின்றுபோன கைக்கடிகாரம், கண்ணாடிக் குடுவைக்குள் பட்டாம்பூச்சி, சாக்கடையில் மிதக்கும் காகிதக் கப்பல். ஒருதலைக் காதலா? பெட்டியைத் திற, படம் தயார்.

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு திரையிடல். வேலை முடிந்து, எல்.ஆர்.டி. ரயில் நெரிசலில் நசுங்கி, ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுப் போனேன். 12 நிமிடப் படம். நாயகன் தினமும் பூக்கடையில் மல்லிகைச் சரம் வாங்குகிறான். அவளிடம் கொடுக்கத் தைரியமில்லை, பையிலேயே வைத்திருக்கிறான், வாடிவிடுகிறது. வாடின பூவை அப்படியே காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பியானோ. மறுநாள் இன்னொரு சரம். அதுவும் வாடுகிறது. புரிந்துவிட்டது தம்பி, முதல் சரத்திலேயே புரிந்துவிட்டது!

கடைசியில் அவன் மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் போய் நிற்கிறான். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கிற இடம். இரண்டு ஆறு சேருகிறது, இரண்டு மனசு சேரவில்லையாம். நமக்கு எட்டாமல் போய்விடுமோ என்று பின்னணிக் குரலிலும் அதையே சொல்கிறார்கள். பொழிப்புரையும் நீங்களே சொல்வதென்றால் ஆறு எதற்கு? மழையையாவது ஒழுங்காகக் காட்டினார்களா? இந்த ஊரில் மழைக்கா பஞ்சம்? சாயங்காலம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் இலவசமாகவே கொட்டும். இவர்கள் குழாயில் பீய்ச்சியிருக்கிறார்கள், பின்னால் ரோடு காய்ந்து கிடக்கிறது.

எனக்கு வயிறு எரிந்தது அந்தப் பூக்கடைக் காட்சியில்தான். கடைக்கார அக்காவை மங்கலாக்கி ஓரத்தில் தள்ளிவிட்டார்கள். அந்த அக்காவின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? வாடிக்கையாளரோடு விலை பேசிக்கொண்டே, நாரைப் பார்க்காமலேயே, இரண்டிரண்டு பூவாக எடுத்து வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார். நடுவில் ஈரத் துணியை விலக்கித் தண்ணீர் தெளிப்பார். கடை கட்டும் நேரத்தில் மிஞ்சின சரத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார், அதற்கும் ஆள் வராவிட்டால் அங்கேயே சாமிப் படத்துக்குப் போட்டுவிடுவார். யாரும் வாங்காத பூ என்ன ஆகிறது என்பது அங்கேயே நடந்துகொண்டிருக்கிறது. கேமராவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினால் போதும். திருப்பவில்லை.

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று. தலைவன் தலைவியைச் சேர்ந்த அன்று வேறு சாட்சியே கிடையாது. தினைத்தாள் போன்ற மெல்லிய காலோடு ஒரு குருகு, கொக்கு மாதிரிப் பறவை, அது மட்டும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான். அந்தக் குருகு அவளுக்காக வரவில்லை, மீன் பிடிக்க வந்தது. அதன் கவலை அதற்கு. அதனால்தான் அவள் தனிமை நம் வயிற்றைப் பிசைகிறது. உங்கள் பட்டாம்பூச்சிக்கு அந்தக் குடுவைக்குள் என்ன வேலை, சொல்லுங்கள்? நீங்கள் அடைத்தீர்கள், இருக்கிறது.

அப்புறம் இந்தப் பின்னால் போகிற விவகாரம். அவள் ஏறும் ரயில் பெட்டியில் ஏறுகிறான், இறங்கும் நிலையத்தில் இறங்குகிறான், வீட்டு வாசல் வரை போய்ச் சன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மெழுகுவர்த்தி ஒன்று உருகுகிறது. தியாகமாம்! மலேசியாவில் 2023-இல் தண்டனைச் சட்டத்தில் 507ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பயமுறுத்தினால் 3 ஆண்டு வரை சிறை. தம்பி மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டதால் அது கவிதையாகிவிடாது. இந்தப் படத்தை அந்தப் பெண் இருக்கிற இடத்திலிருந்து எடுத்தால் பேய்ப்படம். தொல்காப்பியர் கைக்கிளைக்கு, அதாவது ஒருதலைக் காதலுக்கு, நிலமே ஒதுக்கவில்லை, நம் ஆட்கள் பத்துமலைப் படிக்கட்டிலிருந்து கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் வரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

படம் முடிந்து கேள்வி நேரம். கையைத் தூக்கி ஒன்றுதான் கேட்டேன்: "அந்தப் பொண்ணு பேரு என்ன தம்பி?"

இயக்குநர் சிரித்தார். "பேரு வைக்கலண்ணே. அவங்க ஒரு குறியீடு."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நடிகை திரும்பி அவரைப் பார்த்தார். படத்தில் அவருக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. மல்லிகைச் சரம் அவரைவிட அதிக நேரம் திரையில் இருந்தது. கூட்டம் கை தட்டியது, அதுதான் கொடுமை.

இப்போது வாட்ஸப்பில் இணைப்பை அனுப்பி, "லைக் போடுங்கண்ணே, நாலு பேருக்கு அனுப்புங்கண்ணே" என்கிறார்கள். முடியாது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பேர் வையுங்கள். வாயைத் திறந்து "எனக்கு விருப்பமில்லை" என்று அவளைச் சொல்ல விடுங்கள். அதைக் கேட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறான், சோறு இறங்குகிறதா, மறுநாள் வேலைக்குப் போகிறானா, அதைக் காட்டுங்கள். அந்தப் படத்துக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) டிக்கெட் போட்டாலும் வருகிறேன்.