ஓடின பெட்டியின் கறள் வேறு, கிடந்த பெட்டியின் கறள் வேறு

போன மாதம் நான் செய்து முடித்த மாதிரி ரயிலின் பயணிகள் பெட்டி ஒன்றை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மாமா 1990 வரைக்கும் மாங்குளம் பக்கம் ரயில் பாதை வேலை செய்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெட்டியைச் சன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நல்லாத்தான் செய்திருக்கிறாய் தம்பி. ஆனா இது ஓடின பெட்டியில்லை. கிடந்த பெட்டி.”

நான் கிளிநொச்சியில் வாகனங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். கறளைச் சுரண்டி, பட்டி வைத்து, தேய்த்து, அது இருந்த இடமே தெரியாமல் மறைப்பதுதான் பதினைந்து வருடமாக என் தொழில். இரவில் மேசையில் இருந்து செய்வது அதற்கு நேர் எதிர் வேலை: புதுப் பெயிண்டின் மேல் கறளை வரைகிறேன். மாதிரி ரயில் செய்பவர்கள் இதை வெதரிங் என்பார்கள். வெயில், மழை, தூசி, எண்ணெய், மனிதர் கை எல்லாம் சேர்ந்து ஒரு வண்டிக்குச் செய்வதை நாம் பிரஷால் செய்வது. கறளைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். மாமாவின் அந்த ஒரு சொல் என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. யோசிக்க யோசிக்க, அது என் ஒரு பெட்டியைப் பற்றிய சொல் மட்டுமில்லை என்று பட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டியில் நான் என்ன செய்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். அடியில் கடுங்கபிலக் கறள் நிறம் பூசி, அது காய்ந்ததும் தண்ணீர் தொட்டு, ஆனையிறவுக் கல்லுப்பை நொறுக்கி அங்கங்கே ஒட்டினேன். அதன் மேல் பெட்டியின் செங்கபில நிறத்தை மெல்லிதாக விசிறினேன். காய்ந்த பிறகு ஈரப் பிரஷால் தேய்த்தால் உப்பு கழன்று வரும், அது இருந்த இடத்தில் பெயிண்ட் உரிந்து கறள் வெளியே தெரிவது போல இருக்கும். உலகம் முழுவதும் மாதிரி செய்பவர்கள் கையாளும் முறைதான் இது. பார்ப்பவர் கண் அங்கேயே நிற்கும். நான் அதைப் பெட்டியின் இரண்டு பக்கமும், கூரையிலும், வாசல் படியிலும் செய்திருந்தேன்.

பெயிண்ட் அப்படிப் பொருக்காக உரிவது எப்போது? கவனிப்பாரில்லாமல், வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்றால்தான். தினமும் ஓடுகிற பெட்டிக்கு வருகிற தேய்மானம் வேறு மாதிரி. மாமா விரலால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினார். வாசல் கைப்பிடியில் பெயிண்டே இருக்காது, ஆயிரம் கை பிடித்து இரும்பு மினுங்கும். மிதிபடியின் விளிம்பும் அப்படித்தான். சன்னல் கட்டையில் முழங்கை வைத்த இடம் மங்கியிருக்கும். சன்னலுக்குக் கீழே வெற்றிலைத் துப்பல் காற்றில் இழுபட்டு, ஓடின திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்து கிடக்கும். கழிப்பறைப் பக்கம் தண்ணீர் வழிந்த கோடு. அடிச்சட்டமும் சில்லுப் பகுதியும் ஒரே காவிக்கபிலமாக இருக்கும். அது சட்டம் துருவேறின நிறமில்லை. வார்ப்பிரும்புப் பிரேக் கட்டைகள் சில்லோடு உராயும்போது பறக்கிற இரும்புத்தூள் படிந்து கறளான நிறம். இன்ஜின் கூரையில் புகைபோக்கியைச் சுற்றிக் கரி.

எல்லாவற்றையும் விட முக்கியம் சில்லின் ஓட்டுமுகம், அதாவது தண்டவாளத்தில் உருளுகிற பக்கம். ஓடுகிற சில்லு வெள்ளி போலப் பளபளக்கும். தண்டவாளத்தின் மேல்முகமும் அப்படியே. மழைக்காலத்தில் ஒரு நாள் இரண்டு நாள் ரயில் போகாவிட்டாலே அது மஞ்சள் தட்டிவிடும். என் மாதிரியில் நான் சில்லு முழுவதும் கறள் பூசியிருந்தேன். ஒரு பாதைத் தொழிலாளியின் கண்ணுக்கு அந்த ஒன்றே போதும், இது நின்றுபோன ரயில் என்று சொல்லிவிட.

சரி, இனி நான் சொல்ல வந்த விசயம்.

வன்னியில் இருந்தும், வன்னியை விட்டுப் போனவர்களிடம் இருந்தும் ரயில் சம்பந்தமாக வருகிற மாதிரிகள், ஓவியங்கள், பள்ளிக்கூடக் கண்காட்சிப் பொருட்கள் எல்லாவற்றையும் பாருங்கள். பெரும்பாலும் ஒரே காட்சிதான். எரிந்த பெட்டி, ஓட்டை விழுந்த சுவர், புல் மூடின பாதை. அப்படி ஒன்றைப் போட்டால் ஆயிரம் பேர் கண்ணீர்க் குறி இடுகிறார்கள். ஓடுகிற ரயிலைச் செய்து போட்டால் பத்துப் பேர் நல்லது என்கிறார்கள். ஒரு கண்காட்சிக்கு நான் இரண்டு மாதிரி கொண்டுபோனேன். ஒன்று சிதைந்த ஸ்டேசன், மற்றது பயணிகள் ஏறி இறங்குகிற மேடை. ஒழுங்கு செய்தவர்கள் சிதைந்ததை வாசலில் வைத்து, மற்றதைக் கதவுக்குப் பின்னால் வைத்தார்கள். அவர்களில் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். எங்கள் ரயிலுக்குச் சிதைவு மட்டும்தான் முகமா?

அழிவைக் காட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது நடந்தது. போர்க்காலத்தில் தண்டவாளமும் அதற்கு அடியில் கிடக்கிற சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போன ஊரில் வளர்ந்தவன் நான். பெடியளாக நாங்கள் விளையாடின பங்கரின் கூரையே தண்டவாளம்தான். ரயில் எனக்கு முதலில் தலைக்கு மேல் கிடந்த ஒரு இரும்பாகத்தான் அறிமுகம். 1990 ஜூனில் யாழ்ப்பாண ஓட்டம் நின்றது. கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தது 2013 செப்டெம்பர் 14. இடையில் இருபத்து மூன்று வருடம். ஆனால் அதற்கு முன்னால் என்ன இருந்தது? பாதை முழுவதும் திறக்கப்பட்டது 1905. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரல் 23. முப்பத்து நான்கு வருடம் யாழ்தேவி மாங்குளத்தையும் முறிகண்டியையும் பரந்தனையும் கடந்து போனது. ஓடாத இருபத்து மூன்று வருடத்தை நூறு தடவை செய்து காட்டிவிட்டோம். ஓடின காலத்தைச் செய்தவர்கள் எத்தனை பேர்?

அதனால்தான் ஓடின பெட்டியின் அழுக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கைப்பிடியில் மினுங்குகிற இரும்பு என்றால் அதைப் பிடித்து ஏறின ஆட்கள் இருந்தார்கள் என்று அர்த்தம். வெற்றிலைக் கறை என்றால் ஒரு கிழவி சன்னலோரம் இருந்தாள் என்று அர்த்தம். புத்தம் புதிதாகப் பளபளக்கிற பெட்டியும் எனக்கு வேண்டாம், அதில் யாரும் போனதில்லை. உரிந்து கிடக்கிற பெட்டியில் போனவர்கள் இறங்கிவிட்டார்கள். நடுவில் இருக்கிற அந்த அழுக்குத்தான் எனக்கு வேண்டும்.

இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் பெட்டிகள் பொருத்திச் செய்கிற பாகங்களின் தொகுப்பாக (கிட்) என் கைக்குக் கிடைத்ததில்லை, பிளாஸ்டிக் தகட்டில் வெட்டித்தான் செய்கிறேன். நான் எடுத்துக்கொண்ட அளவு 76இல் ஒரு பங்கு, ஓஓ என்பார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பாதை அகலப் பாதை, ஐந்தரை அடி, 1676 மில்லிமீற்றர். அளவில் குறைத்தால் 22 மில்லிமீற்றர் வரும். கடையில் வருகிற ஓஓ தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர்தான். அதில் எங்கள் பெட்டியை வைத்தால் ஒடுங்கின காலில் நிற்கிற யானை போலத் தெரியும். ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் நிறுத்தி வைக்கிற மாதிரிதான் செய்கிறேன் என்பதால் பாதையையும் நானே 22இல் போடுகிறேன். ஐஸ்கிறீம் குச்சியை மூன்று மில்லிமீற்றர் சொச்ச அகலத்துக்குக் கீறினால் சிலிப்பர் கட்டை ஆகிவிடும். இப்போதைய பாதையைச் செய்வதென்றால் மரம் போடாதீர்கள். திரும்பக் கட்டின பாதையில் கொங்கிறீட் சிலிப்பர். அதைப் பார்த்தே இது எந்தக் காலத்துப் பாதை என்று தெரிந்துவிடும்.

கறள் என்றால் செம்மஞ்சள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிறம் நேற்றுப் பிடித்த கறளுக்கு. பழைய கறள் கிட்டத்தட்டக் கறுப்புக் கபிலம். கடுமையான நிறத்தில் தொடங்கி, வெளிறினதைக் கடைசியில் ஊசிமுனை அளவில் வையுங்கள். அடிச்சட்டத்தின் பிரேக் தூளுக்குப் பெயிண்டை விட உலர்ந்த பொடி நல்லது. நிறச் சோக்கை உப்புத்தாளில் தேய்த்தால் பொடி வரும். மங்கல் வார்னிஷ் அடித்த பிறகு பொடியைப் போட்டால்தான் பிடிக்கும், பளபளப்பான பெயிண்டில் நிற்காது. செம்மண் தூசிக்கு நான் முறிகண்டி மண்ணையே எடுக்கிறேன். சட்டியில் வறுத்து, அம்மியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை சலிக்க வேண்டும். சலிக்காத மண்ணின் ஒரு பருக்கை இந்த அளவில் ஒரு தேங்காய் பருமன் இருக்கும். சில்லின் ஓட்டுமுகத்துக்கும் தண்டவாள மேல்முகத்துக்கும் வெள்ளிப் பெயிண்ட் வேண்டாம். 2பி பென்சிலால் அழுத்தி உரசினால் ஓடின இரும்பின் மினுக்கம் அப்படியே வரும். மாமா சொன்ன பிறகு என் பெட்டியில் முதலில் திருத்தினது அதைத்தான். ஐந்து நிமிட வேலை. பெட்டிக்கு உயிர் வந்தது போல இருந்தது.

கூரையை மறந்துவிடாதீர்கள். மாதிரியை நாம் மேலிருந்துதான் பார்க்கிறோம்.

ஆட்களின் உருவங்களைப் பற்றி எனக்கு இன்னும் பெரிய மனக்குறை உண்டு. கடையில் கிடைக்கிற சின்ன உருவங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ஆட்கள். ஜேர்மனியின் பிரைசர் செய்கிறவை எவ்வளவு நுணுக்கமானவை என்று பார்த்து அதிசயித்திருக்கிறேன். ஆனால் கோட் போட்டு, தொப்பி வைத்து, இரண்டு காலிலும் நேராக நிற்கிறவர்களுக்குக் கபில நிறம் பூசிவிட்டால் கிளிநொச்சி மேடை ஆகிவிடாது. வித்தியாசம் தோல் நிறத்தில் இல்லை, நிற்கிற விதத்தில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஸ்டேசனில் நிற்பதில்லை. குந்தியிருப்பார்கள், மூட்டையின் மேல் இருப்பார்கள், தூணில் ஒரு காலை மடித்துச் சாய்வார்கள். வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டு ஒரு கையால் பிடித்திருப்பார்கள். பிள்ளை இடுப்பில் இருந்தால் உடம்பு மற்றப் பக்கம் சரியும். நான் பழைய வயரின் செப்புக் கம்பியை முறுக்கி முதலில் அந்த இருப்பை எடுக்கிறேன், அதன் மேல் எப்பொக்சி மாவால் உடம்பு. சாரத்துக்கும் சேலைக்கும் மெல்லிய டிஷ்யூவைத் தண்ணீர் கலந்த பசையில் நனைத்துச் சுற்றினால் மடிப்பு தானாக விழும். கண்ணுக்கு வெள்ளை வைக்க வேண்டாம், இந்த அளவில் கண் ஒரு நிழல் மட்டும்தான். வெள்ளை வைத்தால் எல்லாரும் பயந்த முகமாகிவிடுவார்கள். எங்கள் ஆட்களைப் பயந்த முகமாக வேண்டிய அளவு செய்தாயிற்று.

ஐந்தரை அடி ஆள் ஒருவரின் உயரமும் இந்த அளவில் 22 மில்லிமீற்றர்தான், பாதையின் அகலமும் அதேதான். இரண்டும் ஒன்று என்று கண்டுபிடித்த நாளில் எனக்குப் பெரிய சந்தோசம். இப்போது ஒவ்வொரு ஆளையும் செய்து முடித்ததும் தண்டவாளத்துக்கிடையில் வைத்துத்தான் அளவு சரி பார்க்கிறேன்.

அடுத்து இன்ஜின் செய்யத் தொடங்கியிருக்கிறேன். கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தின் கீழ் 1954இல் கனடா கொடுத்த எம்2 வகை டீசல் இன்ஜின். 569ஆம் இலக்க இன்ஜினுக்கு ஒன்ராறியோ என்று பெயர், 570க்கு அல்பேட்டா. பெயர்ப்பலகையோடு அவை வன்னிக் காட்டுக்குள்ளால் ஓடின. எங்கள் வீடுகளில் பாதிப் பேர் இன்று ஒன்ராறியோவில் இருக்கிறார்கள். அந்தப் பெயர் ஒரு காலத்தில் இந்தப் பாதையால் போய்வந்தது என்று அங்கே வளர்கிற பிள்ளைகளுக்கு யாரும் சொன்னார்களா தெரியாது. அதனால் நான் 569ஐத்தான் செய்கிறேன்.

இனி ஒரு உதவி கேட்க வேண்டும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எங்களில் பலரிடம் பழைய படங்கள் இல்லை. மாமாவிடம் ஒன்றுகூட இல்லை, நிறங்களை அவர் ஞாபகத்தில் இருந்துதான் சொல்கிறார். உங்களில் யாரிடமாவது 1990க்கு முன் மாங்குளத்திலோ, கிளிநொச்சியிலோ, பரந்தனிலோ ஸ்டேசனில் எடுத்த குடும்பப் படம் இருந்தால் அனுப்புங்கள். கலியாணப் படம், கொழும்புக்கு ஆளை வழியனுப்பின படம், எதுவானாலும் சரி. நிறப்படம் என்றால் மிக நல்லது. உங்கள் முகங்களை மறைத்துவிட்டு அனுப்பினாலும் போதும். எனக்கு வேண்டியது பின்னால் நிற்கிற பெட்டியின் கீழ்ப்பாதியும், மேடையில் ஆட்கள் குந்தியிருக்கிற விதமும்தான்.