புள்ளிக்குப் பின்னால் 86

42.86 சதவீதம்.

ஆசிரியர் கூட்டத்தில், பெரிய திரையில், சிவப்புக் கட்டத்துக்குள், எங்கள் பள்ளிக்கூடத்துப் பெயருக்கு நேராக இதைப் போட்டுக் காட்டினார்கள். மண்டபத்தில் நூற்றுச் சொச்சம் பேர். "இந்த ஸ்கூல்லேர்ந்து யாரு வந்திருக்கீங்க? எழுந்திரிங்க" என்று மைக்கில் கேட்டார் மேடையில் இருந்தவர். எழுந்து நின்றேன். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளை "எழுந்து நில்லு" என்று அதட்டிய வாய்க்கு இது தேவைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏம்மா, பாதிப் பிள்ளைகூடத் தேறலையே. வருஷம் பூரா என்னதான் பண்றீங்க?"

என் மூன்றாம் வகுப்பில் ஸ்லாஸ் என்கிற மாநில அடைவு ஆய்வை எழுதியது ஏழு பிள்ளைகள். ஏழே ஏழு. மூன்று பேர் தேறினார்கள், நான்கு பேர் தேறவில்லை. மூன்றை ஏழால் வகுத்தால் 42.86 வருகிறது, கணக்கில் பிழை ஒன்றும் கிடையாது. ஆனால் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் அந்த 86 யார்? எந்தப் பிள்ளையின் காது, எந்தப் பிள்ளையின் மூக்கு? இன்னும் ஒரு பிள்ளை தேறியிருந்தால் 57.14, கட்டம் மஞ்சளாகியிருக்கும். இரண்டு பிள்ளை என்றால் 71.43. பச்சை. மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போர்த்தியிருப்பார்கள். சிவப்புக்கும் சால்வைக்கும் நடுவில் இரண்டே பிள்ளைகள்.

இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். "இனிமே கவனம் எடுத்துக்கிறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் பேச வேண்டியதெல்லாம் வரிசை கட்டி வந்தது. எப்போதும் அப்படித்தானே. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

விழுப்புரம் மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையோரம் இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. மொத்தம் 38 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு பேர்தான், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஹெச்.எம். சார் நான்கு, ஐந்தைப் பார்க்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று எனக்கு. 22 பிள்ளைகள் ஒரே அறையில். ஒரு மூலையில் 'அ, ஆ' போய்க்கொண்டிருக்கும், இன்னொரு மூலையில் கடன் வாங்கிக் கழித்தல். ஹெச்.எம். சார் பாதி நாள் கூட்டத்தில் இருப்பார், அன்றைக்கு 38-ம் எனக்கே. காலை உணவு வந்துவிட்டதா, ருசி பார்த்தாயா, போட்டோ ஏற்றினாயா, எமிஸ் என்கிற பள்ளித் தகவல் தளத்தில் வருகை போட்டாயா, சிக்னல் வரவில்லையா, அப்படியானால் வேப்பமரத்தடிக்குப் போய் போனைத் தூக்கிப் பிடி. எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்த மரத்தடிதான். இதெல்லாம் முடிந்து சாக்பீஸைக் கையில் எடுக்கும்போது மணி பத்தரை.

பரீட்சையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. வெள்ளிக்கிழமைதோறும் என் பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒன்று வைக்கிறேன். யாருக்கு 'ள'வும் 'ழ'வும் குழம்புகிறது, யார் விரல் விட்டு எண்ணினால்தான் கூட்டுகிறான் என்று அதில்தான் எனக்குத் தெரியும். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது எங்களில் பல பேர் முணுமுணுத்தார்கள், நானும்தான். ஆனால் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்தப் பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்கு என்று சொன்னார்களே, அது நல்ல யோசனை. மூன்றாம் வகுப்புக்கு எழுத்தே தெரியாமல் வந்த பையன் அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்தால் அது எனக்குத் தீபாவளி.

இப்போது என் கேள்வி. பிள்ளைக்குப் பிள்ளை நிலை வேறு என்று நீங்களே பயிற்சி கொடுத்தீர்கள். நானும் ஐந்து நாள் தரையில் உட்கார்ந்து, பொம்மை செய்து, பாட்டுப் பாடிக் கற்றுக்கொண்டு வந்தேன். அப்புறம் எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்து, வந்த எண்ணைத் திரையில் போட்டு என்னை எழுப்பி நிறுத்தினால் எப்படி? ஜூனில் 'ப'வையும் 'ம'வையும் பிரிக்கத் தெரியாமல் இருந்தவன் பிப்ரவரியில் 'பட்டம் பறக்குது' என்று எழுத்துக் கூட்டிப் படித்தான். அவன் அந்த நான்கு பேரில் ஒருத்தன். தேறாதவன்.

அந்தத் தாளுக்குப் பெயரே அடைவு ஆய்வு. ஆய்வு என்றால் என்ன? ஊருக்குள் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று பார்ப்பது மாதிரி. பார்த்துவிட்டு மாத்திரை கொடுக்க வேண்டும். ரத்தம் கம்மியாக இருக்கிறவளை நடுத்தெருவில் நிறுத்தி "ஏன் உனக்கு மட்டும் கம்மி" என்று கேட்பதற்கு ஆய்வு எதற்கு? மத்திய அரசு நடத்திய நாஸ் என்கிற தேசிய அடைவு ஆய்வு சில பள்ளிகளைப் பொறுக்கி எடுத்து, மாவட்டம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக வந்தது. எங்கள் ஸ்லாஸ் 2025 பிப்ரவரியில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநிலம் முழுக்க நடந்தது. ஒன்பதரை லட்சத்துக்கும் மேல் எழுதினார்கள். அத்தனை லட்சத்துக்குச் சராசரி போட்டால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. ஏழுக்குப் போட்டால்?

2019-இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டது ஞாபகம் இருக்கிறதா? பத்து வயசுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று ஊரே கத்தியது. நாங்களும் கத்தினோம். 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். அப்பாடா என்று இருந்தோம். இப்போது அந்தப் பரீட்சை பிள்ளைகள் தலையிலிருந்து இறங்கி எங்கள் தலையில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் தலையில் ஏறியது நேராக எங்கே இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். ஜனவரி மாசம் பாட்டு, கதை, பொம்மை எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு மாதிரி வினாத்தாள், மாதிரி வினாத்தாள், இன்னும் ஒரு மாதிரி வினாத்தாள். ஜெராக்ஸ் காசு என் பையிலிருந்து.

அதில் ஒரு கூத்து. வட்டம் கறுப்பாக்கிப் பழகட்டும் என்று ஓ.எம்.ஆர். தாளையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். "சரியான விடைக்கு நேரா இருக்கிற வட்டத்தைக் கறுப்பாக்கணும், வெளிய போகக் கூடாது, நடுவுல வெள்ளை தெரியக் கூடாது." எல்லாம் சொல்லியாயிற்று. ஒருத்தி மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்தபடியே இருக்கிறாள், நிமிரவே இல்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் முடித்துவிட்டு வெளியே ஓடிவிட்டார்கள். போய்ப் பார்த்தால், நான்கு வட்டத்தையும் கறுப்பாக்கியிருக்கிறாள். எல்லாக் கேள்விக்கும். ஒரு வட்டத்தில்கூடக் கோடு தாண்டவில்லை, ஒரு புள்ளி வெள்ளை இல்லை, அவ்வளவு சுத்தம். ஒன்றாம் வகுப்பிலிருந்து 'வண்ணம் தீட்டுக' என்று நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்திருக்கிறாள். "நல்லாருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். நல்லாத்தான்டி இருக்குது. மிஷினுக்குத்தான் பிடிக்காது.

நேரம் பார்த்துத்தான் வைக்கிறார்களா, அதுவும் இல்லை. கொரோனா முடிந்து தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. நாஸ் நடந்தது நவம்பர் 12. நடுவில் தீபாவளி வேறு. அந்த வருஷத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்பை முழுசாக முடிக்கவில்லை, இரண்டாம் வகுப்பில் வாசற்படியே மிதிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிப் பன்னிரண்டு நாள்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் தேசத்துக்கே அளவெடுப்பு. அந்த முறை எங்கள் பள்ளியைப் பொறுக்கவில்லை, தப்பித்தோம். ஆனால் ரிசல்ட் வந்த பிறகு டீ குடிக்கிற இடத்தில்கூட "என்ன டீச்சர், கவர்மென்ட் ஸ்கூல் இப்படி இருக்குது" என்று கேட்டார்கள்.

இந்த முறை எங்கள் முறை. 2024 டிசம்பர் தொடக்கம், ஃபெஞ்சல் புயல். சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்ட ராத்திரி ஆற்றங்கரையில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பள்ளிக்கூடத்து அலமாரியில் கீழ்த்தட்டு முழுக்கச் சேறு. பயிற்சி நூல்களைக் கொடி கட்டிக் காயப்போட்டு, ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஸ்கேல் விட்டுப் பிரித்தோம். ஒரு பையன் வாரக்கணக்கில் மழை வந்தாலே வகுப்பில் அழுதான். இதெல்லாம் நடந்து இரண்டே மாசம், தாள் வந்துவிட்டது. திரையில் இருந்த அந்த அட்டவணையில் பள்ளி பெயர், குறியீட்டு எண், தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று கட்டங்கள் இருந்தன. தண்ணீருக்குக் கட்டம் இல்லை.

வெள்ளத்தில் வீடு போனவர்கள் என்ன செய்வார்கள்? பொங்கல் முடிந்ததும் மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போவார்கள். வருஷா வருஷம் போகிறவர்கள்தான், அந்த வருஷம் இன்னும் நாலு குடும்பம் சேர்ந்து போனது. என் மூன்றாம் வகுப்பில் பெயர்ப்பட்டியலில் ஒன்பது பேர், எழுதியது ஏழு பேர் என்றால் மற்ற இரண்டு பேரும் சூளையில். அதில் ஒருத்தி கணக்கில் புலி. மலர் நிலை. வகுப்பில் பெருக்கல் வாய்பாட்டை முதலில் பிடித்தவள் அவள்தான். போன் போட்டு அவள் அம்மாவிடம் கெஞ்சினேன். "பாட்டிகிட்ட விட்டுட்டுப் போம்மா, ஒரு மாசம்." "பாட்டியே எங்ககூடத்தான் டீச்சர் கல்லு அறுக்குது" என்றாள். அதற்குமேல் என்ன பேசுவது?

சில ஆசிரியர்கள் சரியாக நடத்துவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். எனக்கே நாலு பேரைத் தெரியும். அவர்களைப் பிடிக்க ஒரு அதிகாரி வந்து என் வகுப்பில், அவர்கள் வகுப்பில் தரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். இரண்டு வருஷமாக என் வகுப்புக்குள் அப்படி உட்கார்ந்தவர் யாரும் இல்லை. வருவார்கள், பதிவேட்டைப் பார்ப்பார்கள், ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்கள், போட்டோ எடுப்பார்கள், போவார்கள். இன்னொன்றும் காதில் விழுந்தது. பச்சைக் கட்டத்தில் நின்ற சில பள்ளிகளில் விடை எப்படி வந்தது என்று அந்த ஊர் ஆசிரியர்களே சிரித்துக்கொண்டு பேசிக்கொண்டார்கள். உண்மையா பொய்யா, நான் பார்க்கவில்லை. ஆனால் அப்படி நடக்காமல் இருந்தால்தான் அதிசயம், இந்தக் கூட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்ட யாருக்கும்.

ஜூனில், சூளைக்குப் போன அந்தக் கணக்குப் புலி திரும்பி வந்தாள். கறுத்துப்போய், கையெல்லாம் காய்த்து. நாலாம் வகுப்பு, ஹெச்.எம். சாரிடம். அன்றைக்கு மத்தியானம் அவளாக வந்து "டீச்சர், அந்தப் பரீட்சை எனக்கு இல்லியா?" என்று கேட்டாள். மிச்சம் இருந்த மாதிரித் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து போட்டாள். கணக்கில் ஒன்றே ஒன்று தப்பு, அதுவும் அவசரத்தில். "எப்படிடி மறக்காம இருந்தே?" என்று கேட்டதற்கு, சூளையில் அப்பாவுக்காகக் கல் எண்ணுவது அவள் வேலையாம். ஆயிரம் கல்லுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. மேஸ்திரி நானூறு கல்லைக் குறைத்துச் சொன்னபோது இவள்தான் வரிசையை வரிசையால் பெருக்கிக் காட்டிச் சண்டை போட்டிருக்கிறாள்.

மார்க் போட்டேன், சிவப்பு மையில். அந்தத் தாள் இப்போதும் என் பீரோவில்தான் இருக்கிறது. அன்றைக்குச் சாயந்திரமே வேப்பமரத்தடியில் நின்று, அதை ஏற்றுவதற்கு எங்கேயாவது ஒரு இடம் இருக்கிறதா என்று ஆப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன். "தகவல் இல்லை" என்று வந்தது.