சல்யூட் அடிக்கவா சாரணர் படை?

அமைச்சர் வருகிறார், கல்வி அதிகாரி வருகிறார், ஆண்டு விழாவுக்கு யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்றால் உடனே பள்ளியின் சாரணர்களை (ஸ்கவுட் பிள்ளைகளை) கூப்பிடுகிறார்கள். ஸ்கார்ஃப் கட்டிய பிள்ளைகள் வெயிலில் இரண்டு வரிசையாக நிற்க வேண்டும். கார் கதவு திறந்ததும் சல்யூட் அடிக்க வேண்டும். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் அண்மையில்கூட இதைப் பார்த்தேன். (எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள், எங்கும் இதே கதைதான்.) வரவேற்புக்கு ஆள்தான் வேண்டுமென்றால் விழாக்குழுப் பெரியவர்களுக்கே ஸ்கார்ஃப் கட்டி நிறுத்தலாமே!

இந்த இயக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த விழாக்குழுக்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் போயர் போரின்போது மாஃபெகிங் நகரம் 217 நாள் முற்றுகையில் கிடந்தபோது, ஆள் பற்றாமல் சிறுவர்களிடம் செய்தி கொண்டுபோகும் வேலையைக் கொடுத்தார்கள். பையன்களை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைத்தால் முடித்துக் காட்டுவார்கள் என்பதைப் பின்னாளில் சாரணியத்தைத் தொடங்கிய ஆங்கிலப் படைத்தலைவர் பேடன் பவல் அங்கே கண்டார். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 பையன்களோடு முகாம் போட்டார். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்து இருந்தார்கள். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு பையனையே தலைவனாக்கினார். இயக்கத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பேன். முடிச்சும் சீருடையும் அதற்கு அடுத்தபடிதான்.

அவரைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. இந்தியாவில் 1909இல் சாரணியம் தொடங்கியபோது வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். நம் பிள்ளைகளுக்காகத் தனியாகப் படை திரட்டியவர்களில் ஒருவர் சென்னையில் இருந்த அன்னி பெசன்ட். வடக்கே மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் சேவா சமிதி சாரணர் சங்கத்தைக் கட்டினார்கள். பிரிந்து கிடந்த அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கமாக இணைந்தன. மறு ஆண்டு பெண்பிள்ளைகளின் அமைப்பான சாரணியரும் சேர்ந்துகொண்டார்கள். வாசலில் நிறுத்தியவர்களிடம் கெஞ்சாமல் தாங்களே கட்டிக்கொண்ட இயக்கம் இது. அதை வாசலில் நிற்கும் சேவகமாக்கிவிட்டோம்.

செட்டிநாட்டுக்காரர்களுக்குப் பிள்ளைகளை நம்புவது புதிதா என்ன? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் செட்டியார் கடைகளின் கடைநிலை வேலைக்குக் கப்பலேறிய பெட்டியடிப் பையன்களில் மீசை முளைக்காதவர்கள் எத்தனை பேர்! கணக்கு எழுதிப் பழகி, அடுத்தாளாகி (உதவியாளராகி), ஒருநாள் கடையையே நடத்தும் மேலாள் ஆனார்கள். அந்தக் காலத்தை நான் கொண்டாடவில்லை. மகனைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு முகப்பில் உட்கார்ந்து அழுத ஆச்சிகளின் கதைகள் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் அவர்களின் கொள்ளுப்பேரன் இன்று பத்தாம் வகுப்பில் படிக்கிறான். இரண்டு தெரு தள்ளி இருக்கும் டியூஷனுக்கு அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். முகாமுக்குப் போனால் சமையலுக்கு ஆள் ஏற்பாடு, கூடாரத்துக்கும் ஆள் ஏற்பாடு. கைப்பேசியில் படம் எடுத்ததும் முகாம் முடிந்துவிடுகிறது.

சாரண ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. வகுப்பும் நடத்தி, தேர்தல் பணிக்கும் போய், மிச்ச நேரத்தில் படையையும் பார்ப்பவர்கள் அவர்கள். ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்தாலும் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. பயப்படாமல் என்ன செய்வார்கள்? அந்தப் பயத்தைக் குறைக்கும் கடமை பெற்றோராகிய நமக்குத்தான்.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி பத்து கிலோமீட்டர் சொச்சம். பழனிக்கு நடப்பவர்களுக்கு அது ஒரு தூரமே இல்லை. விடுமுறையில் ஓர் அணியை அங்கே நடத்தி அனுப்புங்கள். எந்த வழி, என்ன சாப்பாடு, யார் தண்ணீர் சுமப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். ஆசிரியர் ஒரு ஃபர்லாங் பின்னால் வரட்டும். சோறு குழைந்தால் குழையட்டும். சாரணியர் அணியையும் அனுப்புங்கள். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் சாரணர் பேரணிக்கு அழைப்பில்லாமலே வந்து நின்ற சிறுமிகளால்தான் மறு ஆண்டே அவர்களுக்கென ஓர் இயக்கம் பிறந்தது. நம் பெண்பிள்ளைகள் குன்றக்குடி வரை நடக்க மாட்டார்களா?