சிவப்பு டூக்கின் பழைய கோபம்

கனடாவில் குளிர்காலக் கம்பளித் தொப்பியை 'பீனி' என்று சொல்லிப் பாருங்கள். யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே "டூக்" என்று திருத்துவார். அமெரிக்கர்களோடு தங்களைச் சேர்த்துவிடக் கூடாது என்பதில் இங்கே அத்தனை கவனம். எழுத்துக்கூட்டலில் மட்டும் கனடியர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அதில் ஒன்று சமையல்காரர்களின் உயரமான வெள்ளைத் தொப்பிக்கும் உரியது.

அந்தச் சண்டை இருக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு. 'எங்கள் கனடியச் சொல்' என்று ஆங்கிலம் பேசுபவர்கள் பெருமைப்படுவது பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கின் குடியானவர்கள் போட்ட குல்லாவை. ரோமத்தோல் வணிகத்துக்காகப் படகு வலித்த கூலியாட்கள் தலையிலும் அதுதான் இருந்தது. 1837-38இல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து 'பாத்ரியோத்' (தேசபக்தர்) என்ற கலகக்காரர்கள் துப்பாக்கி தூக்கினார்கள், தோற்றார்கள். அவர்களில் 12 பேரை மொண்ட்ரியலில் பிரிட்டிஷ் ஆட்சி தூக்கில் போட்டது. அந்தக் கலகக்காரரை ஓவியர் ஆன்ரி ஜூலியன் பிற்பாடு ஒரு கிழவராக வரைந்தார். தலையில் டூக், வாயில் புகைக்குழாய், இடுப்பில் நெய்த கச்சை, கையில் துப்பாக்கி. 1970 அக்டோபர் நெருக்கடியில், ஆட்களைக் கடத்திய எஃப்.எல்.கியூ. என்ற கியூபெக் விடுதலை இயக்கம் தன் அறிக்கைகளில் அச்சிட்டதும் இதே கிழவரைத்தான். அந்த இயக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரு குல்லாவைப் பார்த்து அரசாங்கம் பயந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

இன்றைக்கு அதே சிவப்பு டூக்கும் கச்சையும் கியூபெக் நகரக் குளிர்காலத் திருவிழாவின் பனிமனிதர் போனோமிடம் இருக்கின்றன. அவர் குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்கிறார். எண்பதுகளில் தொலைக்காட்சியில் பாப், டக் மெக்கென்சி என்ற இரண்டு பியர்க் குடியர் பாத்திரங்கள் டூக்கைக் கோமாளி வேஷமாகவே ஆக்கிவிட்டன. மிச்சத்தை மேப்பிள் இலை குத்தி விற்கும் நினைவுப்பொருள் கடைகள் பார்த்துக்கொண்டன. தோற்றவன் உடுப்பை ஜெயித்தவன் போட்டுக்கொண்டு 'நாமெல்லாம் ஒன்று' என்பது எனக்கு அவ்வளவு ருசிக்கவில்லை.

கியூபெக் பேச்சில் மட்டும் சொல்லுக்குப் பழைய முறுக்கு இருக்கிறது. 'டூக்கை இறுக்கிக் கட்டிக்கோ' என்றால் பெரிய கூத்து வரப்போகிறது, தயாராக இரு என்று அர்த்தம். சில பேர் 'கம்பி வைத்துக் கட்டு' என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.

அப்புறம், ஜனவரியில் மொண்ட்ரியலில் வந்து இறங்கும் நம்மாட்களுக்கு ஒன்று. பிரெஞ்சு வகுப்பில் படித்த ஞாபகத்தில் கடையில் போய் 'போனே' என்று கேட்காதீர்கள். அது பிரான்ஸ்காரர் பேச்சு. 'டூக்' என்று கேளுங்கள், காதை மூடுகிற மாதிரி வாங்குங்கள்.