லெய்டனில் அம்மாவோடு ஒரு மாதம்

நெதர்லாந்தில் இருக்கும் லெய்டன் என்ற ஊரின் பெயரை நான் முதலில் கேட்டது பள்ளி வரலாற்று வகுப்பில். எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குப் பக்கம். அங்கிருந்த சூடாமணி விகாரை என்ற புத்த மடத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகளுக்கு லெய்டன் செப்பேடுகள் என்றும் பெயர் உண்டு என்றார் ஆசிரியர். நம் ஊர்ப் பட்டயத்துக்கு எதற்கு டச்சுக்காரன் ஊர்ப் பெயர் என்று அப்போது விளங்கவில்லை. இப்போது அதே ஊரில் நாலு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மே மாதம் அம்மா வந்து ஒரு மாதம் தங்கியிருந்தார். அவரோடு தெருத் தெருவாக நடந்ததிலிருந்து ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

லெய்டனைப் பல்கலைக்கழக நகரம் என்பார்கள். ஆனால் பல்கலைக்கழகம் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஊரைப் பல்கலைக்கழக நகரம் என்று சொல்லிவிட முடியாது. உள்ளே இருக்கும் படிப்பு வெளியே தெருவுக்கு வர வேண்டும். அங்கே படிக்காதவர்களுக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்க வேண்டும்.

அம்மா எட்டாவது வரை படித்தவர். வந்த இரண்டாம் நாள் ஒரு வீட்டுச் சுவர் முன்னால் நின்றுவிட்டார். சுவர் முழுக்க எழுத்து. "என்ன விளம்பரம்ப்பா இது?" கவிதை என்றேன். 1992-இல் ஆரம்பித்து இந்த ஊர்ச் சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகளை எழுதியிருக்கிறார்கள். முதலில் எழுதியது ஒரு ரஷ்யக் கவிதை. அந்தந்த மொழிக் கவிதையை அந்தந்த மொழியின் எழுத்திலேயே வரைந்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அம்மா கிட்டே போய் ஓர் எழுத்தின் வளைவை விரலால் தடவிப் பார்த்தார். செங்கல் இடுக்குகளுக்குள்ளும் மை ஒழுங்காக இறங்கியிருந்தது. கோலம் போடுகிற கை அல்லவா, அதைத்தான் முதலில் கவனித்தார். அப்புறம் மாதம் முழுக்க எந்தச் சந்தில் திரும்பினாலும் சுவரைத்தான் தேடினார்.

கவிதை மட்டும் இல்லை, இயற்பியல் சூத்திரங்களும் சுவர்களில் இருக்கின்றன. அறிவியல் அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரில் ஐன்ஸ்டைனின் சமன்பாடு. ஒளி தண்ணீருக்குள் போகும்போது எப்படி வளைகிறது என்ற ஸ்னெல் விதி இன்னொரு சுவரில். ஸ்னெல் இந்த ஊரில் பிறந்தவர். கால்வாய்க்குள் செருகியிருந்த ஒரு கழியைக் காட்டி, அது உடைந்த மாதிரி தெரிகிறதே, அந்தக் கணக்குதான் இது என்று அம்மாவுக்குச் சொன்னேன். "கிணத்துல வாளிக்கயிறும் அப்படித்தானே தெரியும்" என்றார்.

ஒரு பிற்பகல் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குக் கூட்டிப்போனேன். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கறுப்பு அங்கி போட்ட பேராசிரியர்கள் வரிசையாக வந்து அமர்ந்து கேள்வி கேட்கிறார்கள். சரியாக 45 நிமிடம். பிறகு கையில் கோலோடு ஒருவர் உள்ளே வந்து லத்தீனில் "ஹோரா எஸ்ட்" என்கிறார். நேரமாயிற்று என்று அர்த்தம். பதில் சொல்லிக்கொண்டிருந்த பெண் அப்படியே நிறுத்தினார். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, அதுவரை மடியில் கசக்கிக்கொண்டிருந்த கைக்குட்டையை விரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பரீட்சையை வீட்டு ஆளுங்க உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். நான் பட்டம் வாங்கிய அன்று அவர் கல்லூரி வாசலுக்கு வெளியே மரத்தடியில் காத்திருந்தார். உள்ளே விட ஆளுக்கு ஒரு சீட்டுதான் கொடுத்திருந்தார்கள். அப்பா போனார். அந்தக் கேள்விக்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

நம் பக்கம் பல்கலைக்கழகங்களில் தோட்டம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, நல்ல நல்ல உரைகள் நடக்கின்றன. பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பதினோராம் வகுப்பில் நானும் ஒரு நண்பனும் ஒரு பல்கலைக்கழகத்து மூலிகைத் தோட்டத்தைப் பார்க்கப் போனோம். அடையாள அட்டை இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சைக்கிளில் 14 கிலோமீட்டர் மிதித்துப் போயிருந்தோம். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. லெய்டனில் எல்லாமே இலவசம் என்று சொல்லவில்லை. 1590-இல் தொடங்கிய தாவரத் தோட்டத்துக்கு டிக்கெட் உண்டு. ஆனால் அட்டையைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை.

கடைசி வாரம் தொல்பொருள் அருங்காட்சியகம் போனோம். நுழைந்ததும் மண்டபத்துக்குள் ஒரு முழுக் கற்கோவில். எகிப்திலிருந்து வந்த டஃபே கோவில். அஸ்வான் அணையால் மூழ்கவிருந்த சின்னங்களைக் காப்பாற்ற உதவியதற்காக எகிப்து கொடுத்த பரிசு. அதைப் பார்க்க யாரிடமும் காசு வாங்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். அதனால் டிக்கெட் வாங்காமலே அந்த மண்டபம் வரை போகலாம். அம்மா கோவில் என்றதும் செருப்பைக் கழற்றக் குனிந்தார். நான் தடுக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டார், "நம்ம செப்பேட்டை எங்கப்பா வச்சிருக்காங்க?"

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த செப்பேடுகள் அவை, அதனால்தான் லெய்டன் என்ற பெயர். 21 ஏடுகள். ராஜேந்திரனின் முத்திரை பதித்த வளையத்தில் கோத்தவை. கேட்டவர் அந்த மண்ணில் நாற்று நட்டவர். அவை இருக்க வேண்டிய இடம் தமிழ்நாடு, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் எந்த ஊரில் வைத்தாலும் எகிப்து போட்ட அந்த நிபந்தனையை நாமும் போட வேண்டும். பக்கத்திலேயே இன்றைய எழுத்தில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பார், கொஞ்சம் நேரம் ஆகும். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும்.