முழங்கால் வரை மட்டும்

போன மாதம் அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "அத்தை, ஜூலைல கோவா போறோம். நாலு நாள். அங்க செய்ய வேண்டிய 21 விஷயம்னு லிஸ்ட் போட்டிருக்கேன். பார்த்துட்டு எதாவது விட்டுப் போச்சான்னு சொல்லுங்க."

பார்த்தேன். பாராசெயிலிங், பனானா போட், ஜெட் ஸ்கீ, குதிரை சவாரி, சூரிய அஸ்தமனத்தைக் கையில் பிடிப்பது மாதிரி போட்டோ, இரவு பார்ட்டி. இருபத்தொன்றில் ஒன்றில்கூடக் கடலில் நீந்துவது இல்லை. தண்ணீரில் மிதக்கும் ஒரே விஷயம் பதினாலாவதாக இருந்தது. ஹோட்டல் நீச்சல் குளத்தில் தட்டோடு மிதந்து வரும் காலை உணவு. இட்லி மிதக்கிறது, நாம் மிதப்பதில்லை.

அவளைக் கிண்டல் செய்ய எனக்குத் தகுதி கிடையாது. 42 வயது வரைக்கும் நானும் அப்படித்தான். திருச்சிக்காரி. காவிரி இருந்தும் நீச்சல் தெரியாது, ஏனென்றால் பெண் பிள்ளைகளைப் படித்துறையில் கடைசிப் படிக்குக் கீழே விட மாட்டார்கள். வளர்ந்து, சம்பாதித்து, புரி, கோவளம், கோவா என்று ஊர் ஊராகப் போய்ச் செய்ததெல்லாம் ஒன்றுதான். சுடிதாரை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது, அலை வந்தால் கத்துவது, பின்னாடி ஓடுவது. அப்புறம் மணலை உதறிவிட்டு பஜ்ஜி.

தமிழ்நாட்டுக்கு மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது. அத்தனையும் நமக்கு முழங்கால் ஆழம்தான். என் கருத்து இதுதான், யார் கோபித்துக்கொண்டாலும் சரி: கடற்கரைச் சுற்றுலாவில் செய்ய வேண்டிய முதல் காரியத்தை ஊரில் இருக்கும்போதே, மூன்று மாதம் முன்னாலேயே செய்ய வேண்டும். பக்கத்தில் இருக்கும் நீச்சல் குளத்தில் பெயர் கொடுங்கள். அந்தமான் டிக்கெட்டுக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

நான் போய்ச் சேர்ந்த வகுப்பில் மற்றவர்களெல்லாம் ஏழு வயது, எட்டு வயது. முதல் வாரம் முழுக்கக் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பொடியன் வந்து, "ஆன்ட்டி, பயப்படாதீங்க, தலையைப் பின்னாடி போடுங்க, தானா மிதப்பீங்க" என்றான். பயிற்சியாளர் பத்து நாளாகச் சொல்லி ஏறாதது அவன் சொல்லி ஏறியது. மல்லாந்து மிதக்கத் தெரிந்த பிறகு கடலுக்குப் போய்ப் பாருங்கள். உப்புத் தண்ணீர் குளத்துத் தண்ணீரைவிட நன்றாகவே தாங்கும். அலை உடையும் இடத்துக்கு அந்தப் பக்கம் மல்லாந்து கிடந்தால், அது உங்களைத் தூக்கி மெல்ல இறக்கிக்கொண்டே இருக்கும். காது தண்ணீருக்குள் இருப்பதால் கரையின் சத்தம் ஒன்றும் கேட்காது. நாற்பது வருடம் இதை விட்டுவிட்டு பஜ்ஜி தின்றிருக்கிறேனே என்று இருந்தது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. துப்பட்டாவோடும் புடவையோடும் கடலில் இறங்காதீர்கள். கூச்சத்தைப் பற்றிச் சொல்லவில்லை, எடையைப் பற்றிச் சொல்கிறேன். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் இடுப்பளவுத் தண்ணீரில்கூட எழுந்து நிற்க முடியாது. ஒட்டிய மாதிரி ஒரு லெக்கிங்ஸ், முழுக்கை டீஷர்ட் போதும். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

சரி, நீச்சல் தெரிந்தால் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாமா? கூடாது. இதை நான் கற்றது 2016இல், எங்கள் குடும்பமே சேர்ந்து கடலூர்ப் பக்கம் ஒரு கரைக்குப் போனபோது. அங்கே அலை நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கல் கொட்டிக் கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவு ஒன்று. அதை ஒட்டி மட்டும் பத்தடி அகலத்துக்கு அலையே இல்லை, குளம் மாதிரி அமைதியாக இருந்தது. சித்தப்பா மகன் நன்றாக நீந்துவான். "இங்க இறங்கலாம், அலை இல்லை" என்று இறங்கினான். இரண்டு நிமிடத்தில் அவன் தலை சின்னதாகிவிட்டது. கரையை நோக்கி முழு வேகத்தில் கையடிக்கிறான், ஓர் அடிகூட நகரவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று கையை வீசி, "கரைக்கு வராத, சைடால போ! சைடால போ!" என்று கத்தினார். பிறகு அவரும் இன்னொருவரும் ஒரு படகைத் தள்ளிக்கொண்டு போய் ஏற்றி வந்தார்கள்.

அந்தப் பெரியவர் எங்களைத் திட்டவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். "ஏம்மா, அலை உடையுற எடத்துல நின்னாலும் நிக்கலாம். அலை இல்லாத எடம்னு நம்பி நிக்காதீங்க. வந்த தண்ணி திரும்பிப் போற வழி அது."

பிறகு படித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் முழு விஞ்ஞானமும். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் எப்படியும் திரும்பிப் போக வேண்டும். மணல் மேட்டுக்கு நடுவில் ஒரு பள்ளமோ, கல் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு சந்தோ கிடைத்தால் மொத்தமாக அதன் வழியே ஓடும். அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது, தண்ணீர் கொஞ்சம் கருப்பாகத் தெரியும். நமக்கு அதுதான் பாதுகாப்பான இடமாகத் தோன்றும். அந்த ஓட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே இழுக்கிறது. அதை எதிர்த்து நீந்தித் தெம்பு தீர்ந்த பிறகுதான் ஆள் மூழ்குகிறார். மாட்டிக்கொண்டால் பதறாமல் மிதக்க வேண்டும், கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டம் விட்ட பிறகு அலையோடு சேர்ந்து கரைக்கு வர வேண்டும். ஒருவர் மாட்டினால் காப்பாற்றுகிறேன் என்று வெறுங்கையோடு குதிக்காதீர்கள், மிதக்கிற எதையாவது வீசுங்கள். உயிர்காப்பாளர்கள் இருக்கும் கடற்கரைகளில் பாதி சிவப்பு, பாதி மஞ்சளாக இரண்டு கொடிகள் நட்டிருந்தால், இறங்க வேண்டியது அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டுமே. முழுச் சிவப்பு என்றால் பஜ்ஜி. குடித்திருந்தாலும் பஜ்ஜிதான்.

இப்போது ஜூலைக்கு வருகிறேன். "ரூம் பாதி விலைக்குக் கிடைச்சுது அத்தை" என்றாள். கிடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குக் கரையைப் போட்டு அடிக்கும். கோவாவின் கரையோரக் குடில் உணவகங்களைக்கூடப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். கேரளா, கர்நாடகா, கோவா எல்லாமே அப்போது மழையை வேடிக்கை பார்க்க அருமையான ஊர்கள், கடலில் இறங்குவதற்கு இல்லை. நம் பக்கம் இது தலைகீழ். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். தை பிறந்து பங்குனி வரை கிழக்குக் கரைக்கு நல்ல காலம். நவம்பர் முதல் மார்ச் வரை மேற்குக் கரைக்கு. இதைப் பார்க்காமல் ஆஃபரைப் பார்த்து டிக்கெட் போடுகிறவர்களிடம் எனக்கு உண்மையிலேயே பொறுமை இல்லை.

பாராசெயிலிங், பனானா போட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருமுறை ஐந்து விளையாட்டு சேர்ந்த காம்போ என்று வாங்கினேன். லைஃப் ஜாக்கெட் போட ஒரு மணி நேரம் வரிசை, ஐந்தும் சேர்ந்து மொத்தம் பதினைந்து நிமிடம். பையன்கள் ஆசைப்பட்டால் ஒன்றே ஒன்று போகட்டும்.

அந்தப் பணத்தை முகமூடி போட்டுத் தண்ணீருக்கு அடியில் பார்ப்பதற்குச் செலவழிக்கலாம். அந்தமானின் ஸ்வராஜ் தீவு, அதாவது பழைய ஹேவ்லாக், மகாராஷ்டிரத்தில் மால்வண், கர்நாடகத்தில் முருடேஸ்வரிலிருந்து படகில் போகும் நேத்ராணி. இங்கெல்லாம் நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் பிடித்துக்கொண்டே கீழே கூட்டிப் போவார். ஆனால் மிதக்கப் பழகியவருக்கும் பழகாதவருக்கும் வித்தியாசம் உண்டு. பழகாதவர் தன் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார், பழகியவர் மீனைப் பார்ப்பார். சிலிண்டர் மாட்டி இறங்கினால் அதற்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு நாள் விடுங்கள். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். கடைசி நாளில் டைவிங் வைக்கிற பேக்கேஜ்காரரிடம் நாளை மாற்றித் தரச் சொல்லுங்கள். அங்கிருந்து பவளத் துண்டு எடுத்து வராதீர்கள். அது செத்த பவளமானாலும் வனவிலங்குச் சட்டத்தில் குற்றம்தான், விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள்.

அந்தமான் போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே கடிகாரம் நம்முடையது, சூரியன் நம்முடையதல்ல. ஐந்து மணி வாக்கில் விடிந்துவிடும், குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். ஒன்பது மணி வரை தூங்கினால் பாதி நாள் போச்சு. ஸ்வராஜ் தீவில் ராதாநகர் மேற்குப் பார்த்தது, கலாபத்தர் கிழக்குப் பார்த்தது. எதை எப்போது பார்ப்பது என்று இதைக்கொண்டே முடிவு செய்யலாம்.

விடியற்காலை என்றதும் எனக்கு எப்போதும் படகு திரும்பும் நேரம்தான் ஞாபகம் வரும். எந்தப் பட்டியலிலும் இல்லாத, காசு கேட்காத காரியம் இது. தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மீனவர் ஊர் எது என்று கேட்டு, ஆறு மணிக்குள் போய் நில்லுங்கள். ஃபைபர் படகுகள் அலையின் முதுகில் ஏறி அப்படியே மணலில் வந்து குத்தும். வலையை விரித்து மீனைக் கழற்றுவார்கள். சங்கராவும் கிழங்கானும் காரப்பொடியும் கலந்து கொட்டிய குவியலைச் சுற்றி ஏலம் ஆரம்பமாகும். ஏலம் கூறும் அம்மாள் மூச்சு விடாமல் சொல்லும் கணக்கு முதல் நாள் நமக்கு ஒன்றும் புரியாது. ஓரமாக நில்லுங்கள், யார் முகத்துக்கு நேரேயும் கேமராவை நீட்டாதீர்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம். வாங்கிய மீனைச் சமைத்துத் தருவார்களா என்று தங்குமிடத்தில் கேட்டுப் பாருங்கள். ரிசார்ட் மெனுவில் எண்ணூறு ரூபாய்க்கு வரும் வெள்ளை மீன் துண்டு பல சமயம் எங்கோ உறைந்து கிடந்து வந்ததாக இருக்கும், கடல் என்னவோ ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது போய் "பெரிய வஞ்சிரம் இல்லையா?" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்னப் படகில் வரும் நெத்திலியைக் கேளுங்கள்.

ரிசார்ட்டே வேண்டாம் என்றால் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை, பக்கத்தில் கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில். இங்கே அச்சகம் வைத்துத் தமிழில் புத்தகம் அச்சிட்ட ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்திறங்கியதும் இந்தக் கரையில்தான். தமிழ் அச்சு வரலாற்றில் ஆர்வம் இருந்தால் ஒரு நாள் பத்தாது. சாயங்காலம் கோட்டைச் சுவருக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தால் ஒருவரும் எதையும் விற்க வரவில்லை. நான் போனபோது அப்படி, இப்போது எப்படியோ. இங்கே குளிக்க வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

சென்னையில் இருப்பவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை நடைக்குப் போகலாம். மாணவர்கள் 1988 முதல் நடத்துகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் மணலில், நள்ளிரவில். பங்குனி ஆமை கரையேறி நூறு முட்டை போலப் போட்டுவிட்டுப் போகும். அதை எடுத்துக் குஞ்சு பொரிப்பகத்தில் வைப்பார்கள். ஏழு கிலோமீட்டர் நடந்தும் ஒரு ஆமைகூட வராத இரவும் உண்டு, எனக்கு அதுதான் வாய்த்தது. ஆனால் அன்று ஒன்று கவனித்தேன். பொரிந்து வரும் குஞ்சு வெளிச்சமான பக்கம் ஓடும். முன்பெல்லாம் அது கடலின் பக்கம், இப்போது சாலை விளக்கும் ரிசார்ட் புல்வெளி விளக்கும் இருக்கும் பக்கம். "கடல் பார்த்த அறை" என்று கூடுதல் காசு கொடுத்து எடுக்கிறவர்கள் இரவில் பால்கனி விளக்கை அணைத்தால் நல்லது. அணைத்தால்தான் கடலும் தெரியும்.

அண்ணன் மகள் கதைக்கு வருகிறேன். ஒரு மணி நேரம் பேசினேன். "அத்தை, நீங்க என் லிஸ்டையே காலி பண்ணிட்டீங்க" என்று வைத்துவிட்டாள். நான்கு நாள் பேச்சில்லை. பிறகு அண்ணி சொல்லித்தான் தெரிந்தது, கோவாவை ஜனவரிக்குத் தள்ளியிருக்கிறாள். அறை வாடகை இரண்டு மடங்காம், அதற்கும் நான்தான் காரணமாம்.

நேற்று இரவு ஒரு குரல் செய்தி வந்தது. மூக்கடைத்த குரல், குளோரின் தண்ணீர் குடித்திருக்கிறாள் போல. "அத்தை, பன்னிரண்டு செகண்ட். மல்லாந்து. பக்கத்துல இருந்த குட்டிப் பொண்ணு எண்ணினா."