குத்துவிளக்குக்குக் கிடைத்தது டிரேட்மார்க் அல்ல
நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கு டிரேட்மார்க் கிடைத்துவிட்டதால் அங்குள்ள பட்டறைக்காரர்களின் பெயரை இனி யாரும் திருட முடியாது என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. கிடைத்திருப்பது புவிசார் குறியீடு, அதாவது ஒரு வட்டாரத்துக்கே உரிய சரக்கு என்கிற அங்கீகாரம். டிரேட்மார்க் ஒரு வியாபாரியின் சொத்து. விற்கலாம், உரிமம் கொடுக்கலாம். புவிசார் குறியீட்டை அப்படி யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, அந்த வட்டாரத்தில் தொழில் செய்கிறவர்களுக்குப் பொது. அதிலும் ஒவ்வொரு பட்டறையும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிய வேண்டும். அங்கே பட்டறை வைத்திருக்கும் என் மாமா, விளக்கின் அடித்தட்டில் தன் பட்டறைப் பெயரைச் சின்னதாகப் பொறிப்பார். அதே ஊர்க்காரர் ஒருவர் அதே பெயரை அதே இடத்தில் பொறித்து, உச்சியில் அன்னத்தின் மூக்குகூட நேராக இல்லாத விளக்கை விற்றார். இதற்குப் புவிசார் குறியீடு என்ன செய்யும்? இருவருமே உள்ளூர்தான். மாமா தன் பட்டறைப் பெயரை 1999 வணிகச் சின்னங்கள் (டிரேட்மார்க்) சட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாதவரும் வழக்குப் போடலாம், ஆனால் அந்தப் பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருந்ததை பில், விளம்பரம் காட்டி நிரூபிக்க வேண்டும். மாமா பில் போட்டால்தானே! மேலே கருத்து எழுதிய ஒருவர், பெயர் பக்கத்தில் ‘டிஎம்’ (டிரேட்மார்க்கின் சுருக்கம்) இருந்தாலே பதிவானது என்கிறார். இல்லை, அதைப் பதியாதவரும் போடலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்துதான் பதிவுக்குப் பிறகு போடுவது. பதியாமல் போடுவது சட்ட மீறல், அபராதம் உண்டு. அப்புறம், நெடுஞ்சாலை முழுக்க ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டு தொங்குகிறதே, அப்படி வெறும் ஊர்ப் பெயரையும் சரக்கின் பெயரையும் சேர்த்து ஒருவர் மட்டும் தனக்கென்று டிரேட்மார்க்காகப் பதிந்துகொள்வது லேசில் நடக்காது.